பழைய தட்டு, கிண்ணம், கோப்பை: தினசரிக்கு உழைப்பதைப் பார்த்து வாங்குவது எப்படி

பழைய பீங்கானைக் கையில் எடுத்ததும் கண் பூவேலைக்கும் தங்கக் கரைக்கும்தான் போகும். தினமும் சாப்பிட்டு, தேய்த்து, அடுக்கி வைக்கப் போகிற தட்டில் அவை கடைசியாகப் பார்க்க வேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியது மண். எந்தச் சூட்டில் சுட்டது, தண்ணீர் குடிக்குமா என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

எர்த்தன்வேர் சுமார் 1000 முதல் 1150 டிகிரி செல்சியஸில் சுடப்படுவது. உள்ளே நுண்துளைகள் உண்டு. அதனால் மேலே உள்ள கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு, பெயர்ந்த இடத்தில் ஈரமும் எண்ணெயும் ஊறிவிடும். ஸ்டோன்வேர் 1200 முதல் 1300 டிகிரி வரை காண்பது. போர்சலின் அதற்கும் மேலே. இவற்றில் மண்ணே உருகி இறுகிவிடுவதால் ஓரம் சிறிது பெயர்ந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா மெல்லிசாக இருக்கிறதே என்று பயந்து ஒதுக்க வேண்டாம், அது பார்ப்பதைவிட நன்றாகவே தாங்கும். ஆனாலும் தினசரிக்கு எது என்று கேட்டால், உணவகங்களுக்கென்றே கனமாகச் செய்த, விளிம்பு உருட்டிய பழைய ஹோட்டல் தட்டுகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அழகில் கொஞ்சம் முரடு. விளிம்பு தடித்திருப்பதால் அடிபட்டாலும் எளிதில் சில்லு பெயராது.

பெயரை நம்பி வாங்காதீர்கள். அயர்ன்ஸ்டோன், அதாவது கல்போல் உறுதியான பீங்கான், என்ற பெயரில் இங்கிலாந்தில் சார்லஸ் ஜேம்ஸ் மேசன் 1813இல் காப்புரிமை பெற்றார். பிறகு பலரும் அதே பெயரைப் போட்டு விற்றதில் தண்ணீர் குடிக்கும் மண்ணும் உண்டு. சந்தேகம் இருந்தால் தட்டைக் கவிழ்த்து, அடிவளையத்தில் கிளேஸ் இல்லாத சொரசொரப்பான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் எர்த்தன்வேர். அப்படியே முத்தாக நின்றால் இறுகிய மண்.

அடுத்தது விரிசல். தட்டை விரல் நுனிகளில் நிறுத்தி, பென்சிலால் விளிம்பை லேசாகத் தட்டுங்கள். இறுகிய பீங்கான் கணீரென்று ஒலித்து இழுக்கும். விரிசல் இருந்தால் ஒலி சட்டென்று அறுந்துவிடும். எர்த்தன்வேரின் ஒலி இயல்பிலேயே மந்தம் என்பதால், அதே செட்டில் உள்ள இன்னொரு தட்டின் ஒலியோடுதான் ஒப்பிட வேண்டும். மெல்லிய போர்சலினுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் மயிரிழை விரிசல் கருங்கோடாகத் தெரியும். கோப்பையில் கைப்பிடி ஒட்டும் இரண்டு இடங்களையும் நகத்தால் வருடிப் பாருங்கள். ஒட்டுப்போட்டுச் சாயம் பூசியது அங்கேதான் ஒளிந்திருக்கும். புற ஊதா டார்ச் வெளிச்சத்தில் ஒட்டுப் பசையும் புதுச் சாயமும் பெரும்பாலும் தனியாக ஒளிரும்.

கிளேஸில் மட்டும் வலைபோல ஓடும் கோடுகள் வேறு கதை. மண்ணும் கிளேஸும் ஒரே அளவில் விரிந்து சுருங்காததால் வருபவை அவை. இறுகிய ஸ்டோன்வேரில் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. எர்த்தன்வேரில் அந்தக் கோடுகளைச் சுற்றிப் பழுப்புக் கறை படர்ந்திருந்தால் எண்ணெய் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். சூடானதும் சிக்கு வாடை வரும். ப்ளீச்சில் ஊற வைத்து மீட்கலாம் என்பார்கள். அது கிளேஸைத்தான் இன்னும் அரிக்கும். விட்டுவிடுங்கள்.

சாம்பல் நிறக் கீறல் எல்லாம் கீறலும் அல்ல. பெரும்பாலும் அது கத்தி, கரண்டியின் உலோகம் பூச்சில் ஒட்டியது. ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தேய்ப்புப் பொடியால் போய்விடும், தேய்த்த பின் நன்றாகக் கழுவ வேண்டும். நகம் மாட்டுகிற கீறலும், நடுவில் பளபளப்புப் போய் மங்கிய தட்டும் திரும்பாது.

பழைய கிளேஸிலும் சாயத்திலும் கலந்திருக்கக்கூடிய ஈயம் விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் கூடாது. விரலால் தடவினால் சித்திரம் மேலெழும்பித் தெரிந்தால் அது கிளேஸின் மேல் தீட்டியது. சாப்பாடு படும் இடத்தில் அப்படி இருந்தால், குறிப்பாகப் பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்றால், சாப்பிட எடுக்காமல் அலங்காரத்துக்கு அலமாரிக்கு அனுப்புங்கள். புளிப்பும் சூடும் அதிக நேரம் வைத்திருப்பதும் ஈயக் கசிவைக் கூட்டும். வீட்டில் துடைத்துப் பார்க்கும் சோதனைக் குச்சி ஈயம் இல்லை என்று காட்டினாலும் அதை முடிவாக எடுக்கக் கூடாது, ஆய்வகச் சோதனைதான் உறுதி. ஈயம் மட்டுமல்ல, அமெரிக்காவின் பியஸ்டா என்ற பிராண்டுத் தட்டுகளில் 1936 முதல் 1943 வரை வந்த சிவப்பில் யுரேனியம் கலந்திருந்தது. வெள்ளீயக் கலவையான பியூட்டரில் செய்த பழைய குவளையிலும் ஈயம் இருக்கலாம்.

கண்ணாடியில், மூன்றடுக்காக ஒட்டிய கோரல் (Corelle) என்ற பிராண்டு வகை 1970இல் வந்தது. லேசானது, நன்றாகவே உழைக்கும், ஆனால் உடைந்தால் ஊசி ஊசியாகச் சிதறும். வெளிப்புறம் வண்ணம் தீட்டிய பழைய கிண்ணங்களை டிஷ்வாஷரில் போட்டால் வண்ணம் சுண்ணாம்பாகி உதிரும், கையால்தான் கழுவ வேண்டும். டெம்பர்டு, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய, கண்ணாடி டம்ளரின் விளிம்பில் சிறு கீறல் இருந்தாலும் வாங்காதீர்கள். ஒருநாள் காரணமே இல்லாததுபோல வெடித்துவிடும்.

மைக்ரோவேவுக்கு ஆகுமா என்று பார்க்க, காலிப் பாத்திரத்தோடு ஒரு கோப்பைத் தண்ணீரையும் உள்ளே வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளுமையாக இருந்தால் பயன்படுத்தலாம். பாத்திரமே சுட்டால் அது ஈரம் குடித்திருக்கலாம், மைக்ரோவேவுக்கு ஆகாது. தங்கக் கரை, வெள்ளிக் கரை இருந்தால் இந்தச் சோதனைக்கே எடுக்காதீர்கள்.

செட்டாக வாங்கும்போது ஆறு தட்டுகளை அடுக்கி ஆட்டிப் பாருங்கள். கோணல் தட்டு தனியாக வைத்தால் தெரியாது, அடுக்கில் ஆடும். அடிவளையம் சொரசொரப்பாக இருந்தால் கீழே உள்ள தட்டின் பூச்சைச் சுரண்டும். 400 அல்லது 600 எண் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை, நனைத்து வளையத்தை மட்டும் தேய்த்தால் வழவழப்பாகிவிடும். காய்ந்தபடி தேய்க்கக் கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். எர்த்தன்வேர் என்றால் தட்டுகளுக்கு இடையே மெல்லிய துணி போட்டு அடுக்குங்கள். கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று சொருக வேண்டாம்.

எண்ணிக்கையில் தேவைக்கு மேல் இரண்டு தட்டும் இரண்டு கிண்ணமும் சேர்த்தே எடுங்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து தயாரித்த டிசைனாக இருந்தால் உடைந்ததற்கு ஜோடி பிறகும் கிடைக்கும். அரிய டிசைன் என்றால் கிடைக்கும்போதே நான்கு கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.