பணியில் வழிகாட்டியவருக்கு நன்றிக் கடிதம் எழுதுவது எப்படி?

வட்டாரத்துப் பள்ளிகளுக்குக் கல்வித் துணை புரியும் வட்டார வள மையத்திலிருந்து வரும் ஆசிரியர் பயிற்றுநர், ஆசிரியர்களாகிய நம் வகுப்பை உற்றுநோக்குகிறார், ஓரிரு ஆலோசனைகளைக் கூறுகிறார், பதிவேட்டில் குறிப்பெழுதிவிட்டு அடுத்த பள்ளிக்குச் சென்றுவிடுகிறார். அவர் கூறியது பயன்பட்டதா இல்லையா என்பது பெரும்பாலும் அவர் காதுக்கு எட்டுவதே இல்லை. நம்மைப் பயிற்சிக்கு அனுப்பிவைத்து, நாம் இல்லாத நாள்களில் நம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட தலைமையாசிரியரின் நிலையும் இதுவே. இத்தகையவர்களுக்கு நாம் சொல்லும் நன்றியோ செப்டம்பர் 5 அன்று வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு பூங்கொத்துப் படமாகவும், பணிநிறைவுப் பாராட்டு விழாவில் ஒரு பொன்னாடையாகவும் முடிந்துபோகிறது. எந்தச் சொல் எந்த வகுப்பில் பலித்தது என்பதை அவருக்குத் தெரிவிக்கும் கடிதமே அவருக்கு உண்மையில் பயன்படும் நன்றி என்பது என் கருத்து. அதை எழுதும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் யாருக்கு எழுதுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பதவியில் மேலே இருப்பவர்தான் வழிகாட்டி என்று கொள்ளத் தேவையில்லை. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் தாம் செய்த துணைக்கருவியைத் தயங்காமல் கையில் கொடுத்துவிட்ட பக்கத்து ஊர் ஆசிரியையும் வழிகாட்டிதான். திறன் வகுப்பறைத் திரையை இயக்கக் கற்றுக்கொடுத்த, நம்மைவிட வயதில் இளைய ஆசிரியரும் வழிகாட்டிதான். ஒரு கடிதம் ஒருவருக்கே இருக்கட்டும். ஐந்து பேருக்குச் சேர்த்து எழுதும் நன்றி ஒருவரையும் சென்று சேர்வதில்லை.

அடுத்து, எழுத உட்காரும் முன் சான்றுகளைத் தேடி எடுக்க வேண்டும். பழைய பாடக்குறிப்பேடு, மாணவர்களின் கணக்கு ஏடு, பயிற்சியில் எழுதிய குறிப்பு ஆகியவற்றைப் புரட்டினால் நாம் மாறிய இடம் தென்படும். கடிதத்தின் உயிர் அங்குதான் இருக்கிறது என்பதால் இதற்குச் சற்று நேரம் செலவிடுவது தகும். எடுத்துக்காட்டாக, மூன்றாம் வகுப்பில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 7-ஐக் கழிக்க முடியாது என்பதால், பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்து 5 என்று எழுதிவிடுகிறார்கள். நாம் சிவப்பு மையால் தப்புப் போட்டுவிட்டு, கடன் வாங்கும் முறையை மறுபடியும் கரும்பலகையில் போட்டுக் காட்டுவோம். மறுநாளும் அதே 35 வரும். பயிற்றுநர் ஒருவர் அந்தக் குழந்தையின் அருகில் அமர்ந்து, "இதை எப்படிப் போட்டாய், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிட்டு, பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து தீக்குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் கொடுத்து, அவற்றிலிருந்து 27 குச்சிகளை எடுக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டைப் பிரிக்காமல் ஏழு குச்சிகளை எடுக்க முடியாது என்பதைக் குழந்தையின் கையே கண்டுகொள்ளும். எழுத வேண்டியது இந்த நிகழ்ச்சியைத்தான்.

கடிதத்தின் நடுப்பகுதி இவ்வாறு அமையலாம்:

"மதிப்பிற்குரிய அம்மா, சென்ற ஆடி மாதம் தாங்கள் எங்கள் வகுப்பிற்கு வந்தபோது, தவறான விடையை அடிப்பதற்கு முன் அது எப்படி வந்தது என்று குழந்தையிடம் கேட்கச் சொன்னீர்கள். அன்றுமுதல் கழித்தல் கணக்கில் அதைக் கடைப்பிடித்து வருகிறேன். பெரும்பாலான குழந்தைகள் இப்போது கட்டைப் பிரித்துக் கழிக்கிறார்கள்; இருவர் மட்டும் பூச்சியம் வரும் எண்களில் இன்னும் தடுமாறுகிறார்கள். அதற்கு என்ன செய்யலாம் என்று தாங்கள் கூறினால் மகிழ்வேன்."

அடைமொழிகளால் அலங்கரித்த புகழ்மொழி எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனிக்கலாம். 'கல்விச் செம்மல்', 'அறிவுச் சுடர்' போன்ற அடைமொழிகளை விழா மேடைக்கே விட்டுவிடலாம். இன்னும் பலிக்காததையும் சேர்த்து எழுதுவது நன்றியைக் குறைக்காது. மாறாக, எழுதியவர் உண்மையிலேயே செய்து பார்த்திருக்கிறார் என்பதற்கு அதுவே அத்தாட்சி. தொடக்க வகுப்புக் குழந்தைகளின் எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரித்துக் கற்பிக்கும் ஆசிரியர்கள், எந்த நிலையில் அந்த ஆலோசனை பயன்பட்டது என்பதையும் குறிப்பிட்டால், பெறுபவர் அதை வேறு பள்ளிகளிலும் எடுத்துச் சொல்ல இயலும். ஆனால் மாணவரின் பெயரை எழுத வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை சில உண்டு. முன்பிருந்தவரோடு ஒப்பிட்டுப் புகழக் கூடாது. பணியிட மாறுதல், விருதுப் பரிந்துரை போன்ற கோரிக்கையின் நிழல்கூடக் கடிதத்தில் விழக் கூடாது; விழுந்தால் முந்தைய வரிகள் அனைத்தும் முன்னுரையாகிவிடும். பரிசுப் பொருளும் வேண்டாம். அரசுப் பணியாளர்கள் பரிசு பெறுவதற்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 கட்டுப்பாடு விதிக்கின்றன. நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும் பெறுபவருக்குச் சங்கடம்தான்.

எப்போது அனுப்புவது? 1962 முதல் கொண்டாடப்படும் ஆசிரியர் தினம் வரட்டும் என்று காத்திருப்பதைவிட, பருவத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் கையில் இருக்கும் வாரமே பொருத்தமானது. பணிநிறைவு வரை தள்ளிப்போட்டால், அவர் அதை அடுத்த வகுப்பில் பயன்படுத்த வாய்ப்பே இராது. தாளில் கையால் எழுதி அஞ்சலில் அனுப்புவது நன்று. நேரில் கொடுப்பதாக இருந்தால், பலர் கூடியிருக்கும் கூட்டத்தில் கொடுக்காமல் தனியே கொடுக்கலாம்.

கண்டிப்பாகப் பேசியவருக்கு எழுதுவதுதான் கடினம். பலர் முன்னிலையில் நம் பாடத்தைக் குறை கூறியவர் சொன்னதில் சரியானது ஒன்று இருந்திருக்கும். அந்த ஒன்றுக்கு மட்டும், சொன்ன விதத்தைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்காமல், நான்கு வரியில் நன்றி எழுதலாம். மனம் ஒப்பாவிட்டால் எழுதாமல் விடுவதே நேர்மை.

வழிகாட்டியவருடைய மேலதிகாரிக்கு, அதாவது வட்டாரக் கல்வி அலுவலருக்கோ மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன முதல்வருக்கோ, ஒரு நகல் அனுப்ப விரும்பினால் முதலில் உரியவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிலர் அதை விரும்புவதில்லை. அவர் பதில் எழுதி, பூச்சியக் கணக்குக்குப் புதிய வழி ஒன்றைச் சொன்னால், அதைச் செய்து பார்த்துவிட்டு விளைவை மீண்டும் எழுதலாம். அந்த இரண்டாம் கடிதத்தில் நன்றி என்ற சொல் இல்லாவிட்டாலும் குறையில்லை.