வாஷர் திரவத்துக்கு ஹீட்டர் இருந்தாலும் கவனம் தேவை

கனடா குளிரில் கண்ணாடிக்குச் சூடான வாஷர் திரவம் அடிக்கும் வசதி உங்கள் வண்டியில் இருந்தாலும், தொட்டியில் -40 டிகிரி வரை உறையாத திரவத்தையே ஊற்றுங்கள். ஹீட்டர் பெரும்பாலும் தெளிக்கிற திரவத்தைத்தான் சூடாக்கும். இரவு முழுக்க வெளியே நிற்கிற வண்டியின் தொட்டியை அது காப்பாற்றாது. கோடைத் திரவம் மிச்சம் இருந்தால் முதலில் தீர்த்துவிடுங்கள்.

பெரிய ஆபத்து ஓடும்போதுதான். திரவத்தில் இருக்கும் மெத்தனால் என்ற ஆல்கஹால் காற்றில் சட்டென்று ஆவியாகிவிடும், மிஞ்சும் தண்ணீர் கண்ணாடியிலேயே உறையும். வைப்பர் ஒரு தடவை போய் வருவதற்குள் எதிரே எல்லாம் வெள்ளை! அதனால் கண்ணாடிக்குச் சூடான காற்று ஊதும் டிஃப்ராஸ்டரைப் போட்டுக் கண்ணாடி உள்ளிருந்து சூடேறிய பிறகே தெளியுங்கள். தடித்த பனிக்கட்டியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.

அப்புறம், பழைய வண்டி வாங்கினால் ரீகால், அதாவது குறைக்காக நிறுவனம் அதைத் திரும்ப அழைத்திருக்கிறதா என்று பாருங்கள். தீப்பிடிக்கும் அபாயத்தால் 2010-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்த ஹீட்டருக்காகவே சுமார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மெத்தனால் விஷம், தீயும் பற்றும். கேனைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.