இலகுவான சிஎஸ்எஸ் ஃபிரேம்வொர்க்கும் ரீசெட்டும்: எதை எடுப்பது, எதை விடுவது

சிஎஸ்எஸ் ஃபிரேம்வொர்க் என்பது வலைப்பக்கத்தின் தோற்றத்துக்காக முன்பே எழுதிவைத்த ஸ்டைல் விதிகளின் தொகுப்பு. அது இலகுவானதா இல்லையா என்பதை அதன் கோப்பளவு மட்டும் சொல்லிவிடாது. 3 கேபி கோப்பைச் சேர்த்துவிட்டு, அது போட்ட விதிகளை ரத்து செய்யவே 200 வரி எழுத வேண்டியிருந்தால் அது கனமான ஃபிரேம்வொர்க்தான். நாம் மாற்றி எழுத வேண்டியது எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரவுசரின் இயல்பான ஸ்டைலை நீக்கவோ சமப்படுத்தவோ முதலில் சேர்க்கும் சிறு விதித்தொகுப்பான ரீசெட்டுக்கும் இதே கணக்குதான்.

## ரீசெட் எதற்கு

நாம் ஒரு வரி சிஎஸ்எஸ் எழுதாவிட்டாலும் பிரவுசரின் சொந்த ஸ்டைல்ஷீட் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பாடிக்கு நாலு பக்கமும் 8 பிக்சல் மார்ஜின், முதல்நிலைத் தலைப்பான எச்1-க்கு 2 இஎம் (சுற்றியுள்ள எழுத்தைப்போல் இரு மடங்கு) எழுத்தளவு, பட்டியல்களுக்கு இடப்பக்கம் 40 பிக்சல் பேடிங். குரோமில் பட்டனும் இன்புட்டும் பக்கத்தின் எழுத்துருவை ஏற்காமல் 13.333 பிக்சலில் தனியாக நிற்கும். இன்றைக்குப் பிரவுசர்களுக்குள் பெரிய வேறுபாடு மிஞ்சியிருப்பது படிவ உறுப்புகளில்தான். மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆகவே பழைய ரீசெட்டுகள் எழுதப்பட்ட காரணங்களில் பாதி இப்போது இல்லை.

எரிக் மேயரின் ரீசெட் 2.0, 2011-இல் வந்தது. எல்லாவற்றையும் பூஜ்யமாக்கும்: தலைப்பும் பத்தியும் ஒரே அளவு, பட்டியலில் புள்ளி கிடையாது. ஒவ்வொரு உறுப்பையும் நீங்களே வடிவமைக்கப் போகிறீர்கள் என்றால் சரி. எடிட்டரில் யாரோ தட்டச்சு செய்த கட்டுரை வந்து விழும் தளத்தில் இதைப் போட்டால், நீங்கள் மறந்த உறுப்பெல்லாம் வெறும் எழுத்தாக நிற்கும். இதன் முந்தைய பதிப்பில் ஃபோகஸ் அவுட்லைனை, அதாவது விசைப்பலகையால் நகரும்போது எந்த உறுப்பில் நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை, நீக்கும் விதி ஒன்று இருந்தது. ஃபோகஸுக்கு உங்கள் ஸ்டைலை எழுத மறக்காதீர்கள் என்று பக்கத்திலேயே குறிப்பும் இருந்தது. பலர் விதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பழைய திட்டம் ஒன்று கையில் வந்தால் முதலில் அவுட்லைன் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

நார்மலைஸ் என்ற இன்னொரு ரீசெட் இயல்பான தோற்றத்தை அழிக்காமல் பிரவுசர்களுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் சரிசெய்கிறது. கடைசிப் பதிப்பான 8.0.1 வந்தது 2018-இல். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10-க்கான திருத்தங்கள்கூட அதில் இருக்கின்றன. கெடுதல் இல்லை, ஆனால் புதிதாகத் தொடங்கும்போது அதை எடுக்கக் காரணமும் இல்லை. அதற்குப் பதில் மாடர்ன்-நார்மலைஸ் போதும்: புதிய குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, பார்டர்-பாக்ஸையும் (அகலத்துக்குள்ளேயே பேடிங்கும் பார்டரும் அடங்கும் கணக்கு) சேர்த்தே தருகிறது.

இரண்டு ரீசெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள். பூட்ஸ்ட்ராப் ஃபிரேம்வொர்க்குக்குள் ரீபூட், டெயில்விண்டுக்குள் ப்ரீஃப்ளைட், பியூருக்குள் நார்மலைஸ் என்று ரீசெட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. மில்லிகிராம் இதற்கு விதிவிலக்கு. நார்மலைஸைத் தனியாகச் சேர்க்கச் சொல்லும்.

## கையால் எழுதும் சிறு ரீசெட்

சொந்த வடிவமைப்பு என்றால் ஏழெட்டு விதிகள் போதும். ஒவ்வொன்றும் ஏன் என்று தெரிந்திருந்தால்தான் எதை நீக்கலாம் என்பதும் தெரியும்.

எல்லா உறுப்புகளுக்கும், பிஃபோர், ஆஃப்டர் போலி உறுப்புகளுக்கும் பாக்ஸ்-சைஸிங் பார்டர்-பாக்ஸ். நட்சத்திரக்குறி மட்டும் போட்டால் போலி உறுப்புகள் அதில் சேராது; தனியாக எழுத வேண்டும். வெளியிலிருந்து ஒட்டும் பழைய விட்ஜெட் கன்டென்ட்-பாக்ஸை (பேடிங்கும் பார்டரும் அகலத்துக்கு வெளியே சேரும் கணக்கு) நம்பி எழுதப்பட்டிருந்தால் அதன் கட்டங்கள் இந்த விதியால் சுருங்கும். அந்த விட்ஜெட்டின் மேலுறைக்குள் மட்டும் கன்டென்ட்-பாக்ஸுக்குத் திருப்பிவிடுங்கள்.

பாடிக்கு மார்ஜின் 0, லைன்-ஹைட் 1.5. இந்த 1.5-க்கு அலகு போடாதீர்கள். இஎம் சேர்த்தால் பாடியில் கணக்கிட்ட பிக்சல் அளவே தலைப்புக்கும் இறங்கி, பெரிய எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தமிழ்ப் பக்கத்துக்கு 1.6 முதல் 1.7 வரை வைக்கலாம். கொக்கியும் சுழியும் மேலும் கீழும் நீளும் எழுத்துகளுக்கு நார்மலைஸின் 1.15 நெருக்கமாகத் தெரியும்.

படம், வீடியோ, எஸ்விஜிக்கு டிஸ்பிளே பிளாக், மேக்ஸ்-விட்த் 100 சதவீதம். பிளாக் இல்லாவிட்டால் படத்துக்கு அடியில் சில பிக்சல் இடைவெளி தோன்றும். படம் எழுத்தைப்போல் பேஸ்லைனில் உட்காருவதுதான் காரணம். படத்துக்கும் வீடியோவுக்கும் ஹைட் ஆட்டோவும் வேண்டும். டேகில் அகலமும் உயரமும் எழுதியிருக்கும்போது, அது இல்லையென்றால் அகலம் மட்டும் சுருங்கிப் படம் நீண்டு தெரியும்.

இன்புட், பட்டன், டெக்ஸ்ட்ஏரியா, செலக்ட் நான்குக்கும் ஃபான்ட் இன்ஹெரிட். இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு: ஐபோன் சஃபாரியில் இன்புட்டின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால், தொட்டதும் பக்கமே பெரிதாகிவிடும். பாடி 16 பிக்சல் இருந்து, இன்புட் அதைப் பெற்றுக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. டெக்ஸ்ட்-சைஸ்-அட்ஜஸ்ட் 100 சதவீதத்தை வெப்கிட் முன்னொட்டுடன் ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை எழுதுங்கள். போனைப் படுக்கவைத்தால் எழுத்து தானாகப் பெரிதாவதை இது தடுக்கும்.

எச்1-க்கு எழுத்தளவை வெளிப்படையாகக் கொடுங்கள். செக்‌ஷனுக்கோ ஆர்டிகிளுக்கோ உள்ளே இருக்கும் எச்1-ஐப் பிரவுசர்கள் தாமாகச் சிறிதாக்கி வந்தன. அந்த வழக்கம் இப்போது நீக்கப்பட்டு வருகிறது. சொல்லாமல் விட்டால் பிரவுசருக்குப் பிரவுசர் அளவு மாறும்.

செய்யக் கூடாததும் ஒன்று உண்டு. நட்சத்திரக்குறி போட்டு எல்லாவற்றுக்கும் மார்ஜின் 0 என்று எழுதுவது இன்றும் பரவலான பழக்கம். டயலாக் உறுப்பைத் திரையின் நடுவில் நிறுத்துவது பிரவுசர் தரும் மார்ஜின் ஆட்டோதான். அதைப் பூஜ்யமாக்கினால் மோடல் பெட்டி மேல் இடது மூலைக்கு ஓடிவிடும். டயலாக்கை விலக்கி எழுதுங்கள், அல்லது தேவையான உறுப்புகளை மட்டும் பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள்.

பட்டியல்களின் புள்ளியை நீக்கும்போதும் கவனம் வேண்டும். லிஸ்ட்-ஸ்டைல் நன் போட்டால் சஃபாரியில் வாய்ஸ்ஓவர் (ஆப்பிளின் திரைவாசிப்பான்) அதைப் பட்டியல் என்றே சொல்லாமல் போகலாம். ரோல் லிஸ்ட் என்று குறித்த பட்டியல்களுக்கு மட்டும் புள்ளியை எடுக்கும்படி செலக்டரை எழுதினால் தோற்றம், வாசிப்பு இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும்.

## ஃபிரேம்வொர்க்கைப் பொறுக்குவது

ஆவணப் பக்கம், தனி வலைப்பக்கம், உள்ளுக்குள் பயன்படும் சின்னக் கருவி என்றால் கிளாஸே இல்லாத வகை: சிம்பிள், வாட்டர், எம்விபி, அல்லது பிக்கோவின் கிளாஸ்லெஸ் பதிப்பு. எச்டிஎம்எல்லை ஒழுங்காக எழுதினால் போதும். ஆனால் இவை உறுப்பின் பெயரையே ஸ்டைலுக்குக் கொக்கியாக வைத்துக்கொள்கின்றன. பிக்கோவில் ஆர்டிகிள் எழுதினால் நிழலோடு ஒரு கார்டாக மாறும். நேவுக்குள் பட்டியல் போட்டால் கிடைவரிசையில் நிற்கும். எம்விபியில் செக்‌ஷன் ஃப்ளெக்ஸ் ஆகி உள்ளடக்கத்தை நடுவுக்கு இழுக்கும். கட்டுரை முழுவதையும் ஆர்டிகிளுக்குள் வைப்பவர் பிக்கோவைச் சேர்த்த முதல் நிமிடத்திலேயே அதை எதிர்த்து எழுதத் தொடங்குவார்.

கிரிட்டும் பட்டனும் படிவமும் கிளாஸாக வேண்டுமென்றால் பியூர் அல்லது சோட்டா. நிறைய காம்பொனென்ட் வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத புல்மா. கிரிட்டுக்காக மட்டும் ஃபிரேம்வொர்க் தேடுகிறீர்கள் என்றால் வேண்டாம். சிஎஸ்எஸ் கிரிட்டில் அது மூன்று வரி வேலை.

ஸ்கெலிட்டன், மில்லிகிராம் இரண்டும் இன்னும் பல பட்டியல்களில் வருகின்றன. ஸ்கெலிட்டனின் கடைசி வெளியீடு 2014-ஐச் சேர்ந்தது. இரண்டுமே வேரில் எழுத்தளவை 62.5 சதவீதமாக்கி 1 ரெம் (வேர் எழுத்தளவைச் சார்ந்த அலகு) 10 பிக்சல் என்று கணக்கை எளிதாக்குகின்றன. பிறகு ரெம் அலகில் எழுதிய வேறு எந்தக் காம்பொனென்ட்டைச் சேர்த்தாலும் அது கிட்டத்தட்ட ஐந்தில் மூன்று பங்கு அளவுக்குச் சுருங்கும். காரணம் தெரியாவிட்டால் இதைத் தேடிக் கண்டுபிடிக்க அரைநாள் போகும்.

முடிவு செய்யும் முன் ஒரு சோதனைப் பக்கம் தயார் செய்யுங்கள். ஆறு தலைப்பு நிலைகள், மூன்றடுக்குப் பட்டியல், கேப்ஷனுடன் அகலமான அட்டவணை, எல்லா இன்புட் வகைகளும், முடக்கிய பட்டன், ஃபீல்ட்செட், டீடெய்ல்ஸ், டயலாக், நீண்ட வரியுள்ள ப்ரீ, இடைவெளியில்லாத நீண்ட இணைய முகவரி. அதில் கிளாஸ் எதுவும் எழுதாமல் ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கையும் மாற்றி மாற்றிச் சேருங்கள். 320 பிக்சல் அகலத்தில் கிடைமட்ட ஸ்க்ரோல் வருகிறதா, டேப் விசையால் நகரும்போது ஃபோகஸ் எங்கே என்று தெரிகிறதா, எழுத்தை 200 சதவீதமாக்கினால் ஏதாவது வெட்டுப்படுகிறதா, டார்க் மோடில் இன்புட்டின் எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அட்டவணையும் டார்க் மோடும்தான் அதிகம் தோற்கும் இடங்கள்.

அளவை ஒப்பிடும்போது ஜிசிப்பை (சர்வர் அழுத்தி அனுப்பும் அளவை) ஜிசிப்போடு வையுங்கள். பூட்ஸ்ட்ராப் 5.3 சுருக்கிய நிலையில் 200 கேபிக்கு மேல். ஜிசிப்பில் 30 கேபி அளவு. குரோமின் கவரேஜ் பலகை பயன்படாத பங்கைக் காட்டும், ஆனால் அதை வைத்து விதிகளை வெட்டாதீர்கள். ஹோவர், பிழைச்செய்தி, வேறு திரையகலம் ஆகியவற்றின் விதிகளும் அந்த நேரத்தில் பயன்படாதவையாகவே தெரியும். பயன்படாத விதிகளை நீக்கும் பர்ஜ்சிஎஸ்எஸ் கருவியைப் போட்டாலும் இதே ஆபத்து: ஜாவாஸ்கிரிப்டில் துண்டுகளை ஒட்டி உருவாக்கும் கிளாஸ் பெயர்களை அது காணாது. அவற்றை, நீக்கக் கூடாதவற்றின் பட்டியலான சேஃப்லிஸ்டில் எழுதுங்கள்.

## சேர்க்கும் விதம்

ஃபிரேம்வொர்க்கை ஒரு லேயருக்குள், அதாவது முன்னுரிமை வரிசை உள்ள விதி அடுக்குக்குள், இம்போர்ட் செய்யுங்கள். 2022-இன் தொடக்கத்திலிருந்து எல்லாப் பெரிய பிரவுசர்களும் கேஸ்கேட் லேயரை ஏற்கின்றன. கோப்பின் மேலே ரீசெட், ஃபிரேம்வொர்க், சொந்தம் என்று வரிசையை அறிவித்தால், பின்னால் வரும் லேயர், செலக்டர் எவ்வளவு எளிமையாக இருந்தாலும் வெல்லும். இம்பார்ட்டன்ட் போட்டுச் சண்டைபிடிக்கும் தேவை அநேகமாக இல்லாமல் போகும். இரண்டு பொறிகள்: எந்த லேயரிலும் இல்லாத விதி எல்லா லேயரையும் வெல்லும், ஆகவே தனியாகச் சேர்த்த விட்ஜெட்டின் சிஎஸ்எஸ் உங்களுடையதை மேவிவிடும். இம்பார்ட்டன்ட் வந்தால் வரிசை தலைகீழாகும். முதலில் அறிவித்த லேயரின் இம்பார்ட்டன்ட்தான் ஜெயிக்கும்.

கோப்பைப் பல தளங்களுக்கும் பொதுவாக வழங்கும் சிடிஎன்னில் இருந்து எடுத்தால், அது பார்வையாளரின் பிரவுசர் சேமிப்பான கேஷில் ஏற்கெனவே இருக்கும் என்ற வாதம் இப்போது செல்லாது. குரோம் 2020-இல் 86-ஆம் பதிப்பிலிருந்து, ஃபயர்ஃபாக்ஸ் 2021-இல் 85-ஆம் பதிப்பிலிருந்து கேஷைத் தளத்துக்குத் தளம் பிரித்து வைக்கின்றன; சஃபாரி அதற்கும் முன்பே. கோப்பை உங்கள் சர்வரிலேயே வையுங்கள். சிடிஎன்தான் வேண்டுமென்றால் பதிப்பு எண்ணை முழுதாக எழுதி, கோப்பு மாறவில்லை என்று பிரவுசர் சரிபார்க்க உதவும் இன்டெக்ரிட்டி ஹாஷையும் சேருங்கள். லேட்டஸ்ட் என்று முடியும் முகவரியைப் பயன்படுத்தினால், பெரிய பதிப்பு மாறும் நாளில் நீங்கள் எதையும் தொடாமலே தளம் உடையும். பதிப்பை உயர்த்தும்போது சோதனைப் பக்கத்தைப் பழையதிலும் புதியதிலும் அருகருகே திறந்து, படிவப் பகுதியை முதலில் ஒப்பிடுங்கள்.