வீவக வீட்டில் தனி ஃப்ரீஸர்: வைப்பது, நிரப்புவது, பனி கரைப்பது

தனி ஃப்ரீஸர் வாங்கலாமா என்று யார் கேட்டாலும், எங்கே வைக்கப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். எத்தனை லிட்டர், என்ன பிராண்டு, எந்தக் கடையில் சலுகை என்பதெல்லாம் அப்புறம். அலமாரி மாதிரி நெட்டுக்கு நிற்கும் ஃப்ரீஸருக்கு, சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் சரியான இடம் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, நாம் வீட்டில் இல்லாத நேரத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று முன்பே யோசித்து வைப்பது. மேல்மூடி திறக்கும் பெட்டி ஃப்ரீஸரைப் பற்றி இங்கே எழுதவில்லை. குனிந்து அடியில் கிடக்கும் மீனைத் தேட என் முதுகில் தெம்பில்லை.

வாங்கும் முன்

உள்பக்கச் சுவரிலோ பின்னாலோ ஒரு தகவல் ஸ்டிக்கர் இருக்கும். அதில் 'கிளைமேட் கிளாஸ்' என்ற வரியைத் தேடுங்கள். 'எஸ்என்' (SN) அல்லது 'என்' (N) என்று மட்டும் போட்டிருந்தால், சுற்றுப்புறச் சூடு 32 டிகிரி வரை இருக்கும் இடத்துக்காகச் செய்தது. 'எஸ்டி' (ST) என்றால் 38 வரை, 'டி' (T) என்றால் 43 வரை. நம்மூரில் பிற்பகலில் வெளியிலேயே 32, 33 அடிக்கிறது. மேற்கு வெயில் விழும் சமையலறையில் அடுப்பும் எரிந்துகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். டி இல்லாததை நான் வாங்க மாட்டேன்.

அடுத்து சேஃப்டி மார்க், அதாவது இங்கே விற்கும் மின்சாதனங்களில் இருக்க வேண்டிய பாதுகாப்பு முத்திரை. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கும் பெட்டிகளில் சிலவற்றில் அது இருக்காது. இரண்டு ஊசிப் பிளக்கோடு வரும். கூடவே ஓர் அடாப்டரை இலவசமாகப் போட்டிருப்பார்கள். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இரவும் பகலும் ஓடும் சாமான் இது. 230 வோல்ட்டுக்கான, நம் சதுர முனைப் பிளக்கோடு வருவதையே வாங்குங்கள்.

தானாகவே பனியை உருக்கும் 'நோ ஃப்ராஸ்ட்' வாங்குவதா, கையால் பனி கரைக்கும் ரகம் வாங்குவதா? நான் வைத்திருப்பது இரண்டாவது ரகம். இறைச்சி அவ்வளவாக வறண்டு போவதில்லை, உள்ளே விசிறிச் சத்தமும் இல்லை. ஆனால் பனி கரைக்கும் வேலையைத் தள்ளிப்போடும் சுபாவம் உங்களுக்கு இருந்தால், யோசிக்காமல் நோ ஃப்ராஸ்ட் எடுத்துவிடுங்கள். நம்மூர்க் காற்றில் ஈரம் அதிகம். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஈரம் உள்ளே போய்ப் பனியாகப் படியும்.

மின்தூக்கிக் கதவு, வீட்டு கேட், சமையலறை வாசல் மூன்றையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இடம்: இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்

பழைய ஃப்ரிட்ஜ்களின் பின்னால் கறுப்புக் கம்பி வலை தெரியும். உள்ளிருந்து இழுத்த சூட்டை அதுதான் வெளியே விடும். இப்போது வரும் ஃப்ரீஸர்களில் பலவற்றில் அந்தக் குழாய் இரண்டு பக்கத் தகடுகளுக்கும் உள்ளே ஒளிந்திருக்கிறது. வெளியே பார்த்தால் வழுவழுவென்று இருக்கும். ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் கை வைத்தால் நன்றாகச் சுடும். எனக்கும் முதல் நாள் திக்கென்றிருந்தது. பழுது என்று நினைத்துக் கடைக்குப் போன் போட்டுவிடாதீர்கள். உள்ளே குளிர வேண்டுமானால் வெளியே சுடத்தான் வேண்டும்.

ஆனால் அந்தச் சூடு போக வழி வேண்டும். கேபினட்டுக்கும் சுவருக்கும் நடுவே அளவெடுத்துச் செருகினால் சூடு அங்கேயே தங்கிவிடும். கம்ப்ரெஸர் ஓயாமல் ஓடும், மின்கட்டணம் ஏறும், ஃப்ரீஸரின் ஆயுள் குறையும். ஆகவே கையேட்டில் பக்கவாட்டு, பின், மேல் இடைவெளிகளைப் பார்த்து, அதை ஃப்ரீஸரின் அளவோடு கூட்டிக்கொண்டு இடத்தை அளங்கள். கையேடு தொலைந்திருந்தால், பக்கத்துக்கு 5 செ.மீ., பின்னால் 10 செ.மீ., தலைக்கு மேல் 10 செ.மீ.க்குக் குறையாமல் விடுவது என் கணக்கு. பக்கத் தகட்டில் காந்தம் ஒட்டுவது, துணி காயப்போடுவது, மேலே அரிசி மூட்டை ஏற்றுவது எல்லாவற்றுக்கும் தடை போடுங்கள். கீழே கிரில் இருந்தால் தரைவிரிப்பு அதை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவு முழுக்கத் திறக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 90 டிகிரி திறந்தால் போதும் என்று சுவரோரம் ஒட்டி வைப்பார்கள். பிறகுதான் உள்ளிருக்கும் டிராயர் கதவில் இடித்து வெளியே வர மறுப்பது தெரியும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரில் வைக்கலாமா? என் பதில், வேண்டாம். கதவைச் சாத்தினால் அந்தச் சின்ன அறை அடுப்பாகிவிடும். திறந்தே வைப்பதாக இருந்தால் அதற்குப் பதில் சமையலறையிலேயே வைத்துவிடலாம். துணி காயவைக்கும் சர்வீஸ் யார்டில் சாரல் அடிக்கும், துணி சொட்டும். வாசலுக்கு வெளியே தாழ்வாரம் பொதுவழி. தீப்பிடித்தால் ஆட்கள் ஓடும் பாதையை மறிக்கக்கூடாது; நகர மன்றமும் விடாது.

இறக்கிய பிறகு

படுக்கப்போட்டுக் கொண்டுவந்திருந்தால் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். கம்ப்ரெஸரிலுள்ள எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும். அது இறங்கும்வரை நிமிர்த்தி வையுங்கள். எத்தனை மணி நேரம் என்று கையேட்டில் இருக்கும். நான் எப்படி வந்திருந்தாலும் ஓர் இரவு சும்மா நிற்க வைத்துவிடுவேன்.

மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே முன்கால்களைத் திருகுங்கள். இடவல மட்டம் சரியாக இருக்க வேண்டும். முன்பக்கம் மயிரிழை உயர்ந்திருக்கலாம். அப்போதுதான் பாதி திறந்த கதவு தானாக வந்து சாத்திக்கொள்ளும். சுவரோடு பிணைக்கும் பட்டை பெட்டியில் வந்திருந்தால், அதைப் பொருத்தாமல் விடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் கீழ் டிராயரில் ஏறி நின்று ஐஸ்கிரீம் தேடுவார்கள். உயரமான ஃப்ரீஸர் முன்பக்கம் சாய அது போதும்.

இன்னொன்று: மூடிய கதவை அடுத்த நிமிடமே திறக்கப் பார்த்தால் வராது. உள்ளே புகுந்த வெதுவெதுப்பான காற்று குளிர்ந்து சுருங்குவதால் கதவு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆவேசமாக இழுத்தால் கைப்பிடிதான் கையோடு வரும். கொஞ்சம் பொறுத்தால் தானே விட்டுவிடும்.

மின்சாரம்

சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். நடுவே எக்ஸ்டென்ஷன் வேண்டாம், மல்டிவே அடாப்டர் வேண்டாம். ஃப்ரீஸர் இழுக்கும் மின்சாரம் கேத்தலை விடக் குறைவுதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் கேத்தல் சில நிமிடம் ஓடும். இது வருடக்கணக்கில் ஓடும். அடாப்டரின் தளர்ந்த முனை ஃப்ரீஸருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் சூடேறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் சாக்கெட் இல்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஆர்சிசிபி. மின்கசிவு தெரிந்தவுடன் வீட்டு மின்சாரத்தை வெட்டும் சாதனம் அது. 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் கட்டாயம். அதற்கு முந்தைய வீடுகளும் 2025 ஜூலை 1க்குள் பொருத்தியாக வேண்டும் என்று விதி வந்தது. உயிர் காப்பது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் பல வீடுகளில் எல்லாச் சாக்கெட்டும் ஒரே ஆர்சிசிபியின் கீழ் இருக்கும். வாட்டர் ஹீட்டரிலோ துவைக்கும் இயந்திரத்திலோ சின்னக் கசிவு வந்தால், ஃப்ரீஸரும் சேர்ந்து அணையும். நீங்கள் ஊருக்குப் போயிருந்தால் யாருக்கும் தெரியாது. நாங்கள் விடுமுறை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது வந்த வாடையை வர்ணிக்கப் போவதில்லை.

அதனால் வெளியூர் போகும்போது வாட்டர் ஹீட்டர், துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றின் சுவிட்சையும் அணைத்து, பிளக் உள்ளவற்றைக் கழற்றிவிடுகிறேன். ஃப்ரீஸரை மட்டும் தனி சர்க்கியூட்டில், தனி ஆர்சிபிஓ (கசிவு வந்தால் அந்தச் சர்க்கியூட்டை மட்டும் வெட்டும் சாதனம்) போட்டுத் தரச் சொல்லி மின்பணியாளரிடம் கேட்பது இன்னும் நல்லது. வைஃபையில் எச்சரிக்கை அனுப்பும் வெப்பமானி வாங்குகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: கரண்ட் போனால் ரூட்டரும் போகும், எச்சரிக்கை எப்படி வரும்? தொடர்பு அறுந்தாலே தகவல் அனுப்பும் செயலியாகப் பார்த்து வாங்குங்கள்.

காசு செலவில்லாத வழியும் உண்டு. ஒரு கப்பில் தண்ணீரை உறையவைத்து, மேலே 20 காசு நாணயம் ஒன்றை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. கப்பின் அடியில் உறைந்து கிடந்தால், நடுவே எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அத்தனையும் குப்பைக்குத்தான், மனசு கேட்காவிட்டாலும்.

வீட்டில் இருக்கும்போது கரண்ட் போனால் கதவைத் தொடாதீர்கள். நிறைந்த ஃப்ரீஸர் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும் என்பது பொதுக்கணக்கு. நம்மூர்ச் சூட்டில் நான் அவ்வளவு நம்ப மாட்டேன். பிறகு பார்க்கும்போது பொட்டலத்தில் பனித்துகள் இன்னும் இருந்தால் மறுபடி உறையவைக்கலாம். மெத்தென்று ஆகி, எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று தெரியாத இறைச்சியையும் மீனையும் வீசிவிடுங்கள்.

நிரப்புவது

முதல் நாள் காலியாக ஓடவிடுங்கள். வெப்பமானி மைனஸ் 18 காட்டியபின் சாமான் வையுங்கள். கதவில் மின்னும் எண்ணை முழுதாக நம்பாமல், 10 வெள்ளிக்குள் கிடைக்கும் தொங்கும் வெப்பமானி ஒன்றை நடு டிராயரில் போட்டுவையுங்கள்.

தீபாவளிக்கு முன் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையில் மொத்தமாக மட்டன் வாங்கிவந்து ஒரே இரவில் திணிப்பதுதான் நம் வழக்கம். எந்த ஃப்ரீஸராலும் 24 மணி நேரத்தில் இத்தனை கிலோதான் உறையவைக்க முடியும் என்று ஓர் அளவு இருக்கிறது. அதே ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். அதற்கு மேல் திணித்தால் நடுவிலிருக்கும் கறி மணிக்கணக்கில் குளிராமல் கிடக்கும், ஏற்கெனவே உறைந்ததும் இளகும். கடையிலேயே அரைக் கிலோ பொட்டலமாகக் கேளுங்கள். வீட்டில் ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, தோசைக்கல் கனத்தில் தட்டையாக்கிப் பரப்பி வையுங்கள். உறைந்தபின் புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கலாம். தேதியை முதலிலேயே பையில் எழுதுங்கள். ஈரப் பையில் எந்த மார்க்கரும் எழுதாது.

வேக்குவம் சீலர் பற்றி நிறையப் பேர் உற்சாகமாகச் சொல்கிறார்கள். நண்டுக்கும் எலும்புக் கறிக்கும் அது உதவாது, முனை குத்திப் பை கிழியும். மீன் துண்டுக்கு நல்லது. துருவிய தேங்காயைப் பையில் மெல்லிசாகத் தட்டி உறையவைத்தால், வேண்டும்போது ஒடித்து எடுத்துக்கொள்ளலாம். கறிவேப்பிலை கறுக்கும், ஆனால் மணம் பெரும்பாலும் நிற்கும். உருளைக்கிழங்கு போட்ட சாம்பாரை மட்டும் வைக்காதீர்கள், கிழங்கு பஞ்சாகிவிடும். கண்ணாடிப் பாட்டில், கேஸ் பானம், ஓட்டோடு முட்டை எதுவும் உள்ளே போகக்கூடாது.

உறைந்ததை இளக்க, முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தட்டு வைத்து மாற்றிவிடுங்கள். உறையவைப்பது கிருமிகளைத் தூங்கவைக்கும், அவ்வளவுதான், கொல்லாது. நம்மூர்ச் சூட்டில் சமையல்மேடையில் வைத்தால் வெளிப்பகுதி கெட ஆரம்பித்திருக்கும், நடுவே கல்லாகவே இருக்கும்.

பனி கரைப்பது

பனி ஒரு விரல் கனத்தை எட்டுமுன் செய்துவிடுங்கள். சாமான் குறைவாக இருக்கும் வாரம் பாருங்கள். சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் கழற்றுங்கள். உறைந்த பொட்டலங்களை ஐஸ் பெட்டியிலோ, தடித்த போர்வையில் சுற்றியோ வையுங்கள்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கையால் பனி கரைக்கும் ரகத்தில், டிராயர்கள் உட்காரும் தட்டுகளே குளிரூட்டும் குழாய்கள். வெள்ளைக் கம்பித் தட்டு போலத் தெரியும். உள்ளே வாயு ஓடுகிறது. பனி கெட்டியாக இருக்கிறதே என்று கத்தியால் ஒரு குத்து விட்டால் ஃப்ரீஸர் அதோடு முடிந்தது. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன் இருக்கிறது. சிங்கப்பூரில் 2022 அக்டோபர் முதல், பூமியைச் சூடாக்கும் தன்மை அதிகமுள்ள வாயுக்கள் கொண்ட வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளை விற்க முடியாது; அதனால் இது பரவலாகிவிட்டது. அளவு சில பத்துக் கிராம்தான், ஆனால் பற்றிக்கொள்ளும். தப்பித்தவறிக் குழாய் ஓட்டையாகி 'புஸ்' என்று சத்தம் வந்தால் ஜன்னலைத் திறங்கள். அடுப்பையோ சுவிட்சையோ தொடாதீர்கள்.

ஆகவே கத்தி, ஸ்க்ரூடிரைவர் கிட்டவே வரவேண்டாம். ஹேர் டிரையரும் வேண்டாம். ஈரத்தில் நின்றுகொண்டு மின்சாதனம் பிடிப்பது நல்லதில்லை. ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீர் எடுத்து, கீழ்த்தட்டில் துணி விரித்து அதன்மேல் வையுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். கதவைப் பாதி மூடுங்கள். கொஞ்ச நேரத்தில் பனி பாளம் பாளமாகக் கழன்று விழும். விளிம்பில் ஒட்டியதற்கு பிளாஸ்டிக் தோசைத்திருப்பி போதும். கீழே பழைய துண்டுகளைப் பரப்பிவையுங்கள், தண்ணீர் எதிர்பார்ப்பதை விட அதிகமாக வரும்.

சோடா உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். கதவு ரப்பரின் மடிப்புகளில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கும். பழைய பல்துலக்கியால் தேயுங்கள். ரப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, 2 வெள்ளி நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். கதவு நோட்டை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. சுற்றிலும் பல இடங்களில் வைத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை

நோ ஃப்ராஸ்ட் வைத்திருக்கும் ஒருவர், ஆர்சிசிபி தினமும் சில தடவை தானாக விழுகிறது, ஃப்ரீஸரைக் கழற்றினால் விழுவதில்லை என்று கேட்டிருந்தார். அந்த ரகத்தில் பனி உருக்க உள்ளேயே ஒரு ஹீட்டர் இருக்கிறது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓடும். அது பழசாகி ஈரம் ஏறினால் மின்கசிவு வரும். விழும்போதெல்லாம் தூக்கிவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

இன்னொருவர், பின்னால் கம்ப்ரெஸர் மேல் இருக்கும் தட்டில் தண்ணீர் நிற்கிறதே என்றார். பனி உருகிய நீர் அங்கே வந்து கம்ப்ரெஸர் சூட்டில் ஆவியாக வேண்டும். ஆகாமல் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், அப்படியே பின்பக்கத் தூசியையும் தட்டிவிடுங்கள்.

பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிட்டு இதை வாங்குவோருக்கு: 2021 ஜூலை முதல், புதியதைக் கொண்டுவந்து தரும் கடை அதே ரகப் பழையதை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும். ஆர்டர் போடும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் வரும்வரை பழையதை ஓரமாக நிறுத்தி வைப்பதானால் கதவைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பிள்ளைகள் உள்ளே ஒளிந்தால் உள்ளிருந்து திறக்க முடியாது.