எபிரெய வேர்களைத் தேடுகிறீர்களா? முதலில் காலத்தைக் கேளுங்கள்

கிறிஸ்தவ விசுவாசத்தின் யூதப் பின்னணியைப் படிக்கும் ஆர்வம் இப்போது நிறைய பேருக்கு வந்திருக்கிறது. நல்லதுதான். இயேசு யூதர், சீடர்கள் யூதர்கள், அவர்கள் ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் கேட்டு வளர்ந்தது எபிரெய வேதம். இதை மறந்துவிட்டு நற்செய்திகளைப் படித்தால் பாதி விஷயம் பிடிபடாது. ஆனால் இந்த ஆர்வத்தோடு யூடியூபில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 'இது யூத வழக்கம்' என்று யார் எதைச் சொன்னாலும், அது இயேசு காலத்து வழக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கி.பி. 70-ல் தீத்துவின் ரோமப் படை எருசலேம் தேவாலயத்தை இடித்தது. பலி நின்றது, ஆசாரியர்களுக்கு வேலை இல்லாமல் போனது, ஆசாரியக் குடும்பங்களைச் சார்ந்திருந்த சதுசேயர்கள் என்ற கூட்டமே வரலாற்றிலிருந்து மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு ரபீக்கள் என்ற யூத வேத போதகர்கள் பல தலைமுறையாக யோசித்து, வாதாடி, தேவாலயம் இல்லாமலே வாழக்கூடிய ஒரு மார்க்கத்தை உருவாக்கினார்கள். அவர்களுடைய சட்ட விளக்கங்களின் திரட்டான மிஷ்னா தொகுக்கப்பட்டது ஏறத்தாழ 200-ல். மிஷ்னாவை விவாதித்து விரிக்கும் பாபிலோனிய தல்மூத் அதற்கும் முந்நூறு ஆண்டுகளாவது பிந்தியது. இன்று நாம் பார்க்கும் யூத மார்க்கம் இந்த வழியாக வந்தது. அதை அப்படியே பேதுருவின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பது, தாத்தா கல்யாணத்தை ட்ரோன் கேமராவில் எடுத்தார்கள் என்று சொல்வது போல.

பஸ்கா விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில சபைகளில் பெரிய வெள்ளிக்கு முன்னால் 'இயேசு செய்தபடியே' என்று அறிவித்து யூத முறையில் பஸ்கா நடத்துகிறார்கள். மூன்று புளிப்பில்லா அப்பங்களை அடுக்கி, நடுவில் இருப்பதை உடைத்து, பாதியை ஒளித்துவைத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று விளக்கம் சொல்கிறார்கள். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் மிஷ்னாவின் பெசாகிம் பகுதியில் நான்கு கிண்ணமும் பிள்ளை கேட்கும் கேள்விகளும் இருக்கின்றனவே தவிர, இந்த மூன்று அப்பமும் நடுவில் உடைப்பதும் அதில்கூட இல்லை. எலியாவுக்கு வைக்கும் கிண்ணம் அதைவிடப் பிந்தியது. இயேசு காலத்துப் பஸ்காவின் மையம் தேவாலயத்தில் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி. இன்றைய யூதர் மேஜையில் அதன் நினைவாக ஓர் எலும்புத் துண்டுதான் இருக்கும். அந்த ஒரு மாற்றத்தைக் கவனித்தாலே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும்.

அப்புறம் பிரசங்கங்களில் சுற்றும் கதைகள். பாவநிவிர்த்தி நாளில் பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது, உள்ளே செத்துவிட்டால் இழுப்பதற்காகக் காலில் கயிறு கட்டினார்களாம். வேதத்தில் இல்லை, முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் சொல்லவில்லை, அந்த நாளின் சடங்கை அடி அடியாக விவரிக்கும் மிஷ்னாவின் யோமா பகுதியிலும் இல்லை. அது வருவது 13-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வெளிவந்த சோகார் என்ற மறைஞான நூலில். 'ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது' என்று இயேசு சொன்னதற்கு, ஊசியின் காது என்று எருசலேமில் ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கி முழங்காலிட்டு அதில் நுழையும் என்பதும் இதே ரகம். அப்படி ஒரு வாசல் இருந்ததற்குப் பழங்காலச் சான்று எதுவும் இல்லை. அதோடு, முழங்காலிட்டால் நுழையலாம் என்றால் 'அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படுவது' என்று சீடர்கள் ஏன் அதிர வேண்டும்?

இடங்களிலும் இதே சிக்கல்தான். கப்பர்நகூமில் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் வெள்ளைக்கல் ஜெப ஆலயம் 4 அல்லது 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதற்கு அடியில் இருக்கும் கறுப்புக்கல் அமைப்புதான் ஆய்வாளர்கள் முதல் நூற்றாண்டோடு இணைத்துப் பேசுவது. எருசலேமின் பழைய நகரைச் சுற்றி நிற்கும் மதில் 16-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் கட்டியது.

இன்னொரு தவறு, பரிசேயர் என்றாலே மாய்மாலக்காரர் என்று முடிவுகட்டிவிடுவது. ஏரோது உன்னைக் கொல்லப் பார்க்கிறான், இங்கிருந்து போய்விடு என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயர்கள் என்று லூக்கா 13 சொல்கிறது. அப்போஸ்தலர்களை விட்டுவிடச் சொன்ன கமாலியேல் பரிசேயர். பவுல் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று 'நான் பரிசேயன்' என்றுதான் சொல்கிறார், 'இருந்தேன்' என்று அல்ல. இயேசு அவர்களோடு போட்ட சண்டை வீட்டுக்குள் நடந்த சண்டை. அதை வெளியாட்கள் கையில் எடுத்தபோது யூதர்களுக்கு என்ன நடந்தது என்பதும் இந்த வரலாற்றின் பகுதிதான். அதைத் தாண்டிப் போகக்கூடாது.

சரி, எபிரெயம்தான் மூலம், கிரேக்கம் கலப்படம் என்று பேசுகிறவர்களை என்ன செய்வது? சங்கீதம் 40:6-ஐயும் எபிரெயர் 10:5-ஐயும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதலாவதில் செவிகள், இரண்டாவதில் சரீரம். காரணம், எபிரெயர் நிருபத்தை எழுதியவர் மேற்கோள் எடுத்தது செப்டுவஜின்ட் என்ற கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய அந்த வேலையைச் செய்தவர்களும் யூதர்கள்தான்.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் எல்லாவற்றையும் கெடுத்தார் என்ற பேச்சையும் கொஞ்சம் நிறுத்தலாம். அவர் 321-ல் ஞாயிறை ஓய்வுநாளாக்கிச் சட்டம் போட்டது உண்மை. ஆனால் ரோமிலிருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுவதை 150-ஐ ஒட்டியே எழுதி வைத்திருக்கிறார். 325-ல் கூடிய நிசேயா சங்கம் என்ற ஆயர்கள் மாநாடு ஈஸ்டர் தேதியைப் பற்றித் தீர்மானித்தது, வேத புத்தகங்களின் பட்டியலைத் தீர்மானிக்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், சவக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய யூதக் கையெழுத்துச் சுருள்களின் (சவக்கடல் சுருள்கள்) மொழிபெயர்ப்பும் ஜோசிபஸும் என்பேன். இரண்டும் காலத்தால் நெருக்கம். மிஷ்னா அதற்கு அடுத்து. ஜோசிபஸையும் முழுசாக நம்பிவிடாதீர்கள்: கலிலேயாவில் ரோமருக்கு எதிராகப் படை நடத்தி, 67-ல் சரணடைந்து, பிறகு ரோமில் பேரரசரின் ஆதரவில் உட்கார்ந்து எழுதியவர் அவர். தேவாலயம் எரிந்ததற்குத் தீத்து காரணமில்லை என்று அவர் சாதிப்பதை அந்த விலாசத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.