இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? விடுதி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்க்கை நாளில் கல்லூரி விடுதியைப் பார்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் மூன்று இடங்களுக்குப் போவார்கள்: அறை, குளியலறை, மெஸ். கட்டிலைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து மூடுவார்கள், சாம்பாரை ஒரு வாய் ருசித்துவிட்டுப் பரவாயில்லை என்பார்கள். சில ஆண்டுகள் ஒரு கல்லூரி விடுதியில் துணைக் காப்பாளராக இருந்தபோது, அந்த மூன்று இடங்களைப் பற்றிய கேள்விகளுக்கு நான் எத்தனையோ முறை விடை சொல்லியிருக்கிறேன். ஆனால், இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் கேட்டைத் திறந்து மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டிய பொறுப்பு யாருடையது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விடுதி வாழ்க்கையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதிலிருந்தே தொடங்குகின்றன.

காப்பாளர், அதாவது வார்டன், எப்போதும் விடுதியிலேயே இருப்பார் என்று எண்ணிக்கொள்வது முதல் தவறு. பல கல்லூரிகளில் காப்பாளர் என்பவர் பகலில் வகுப்பெடுக்கும் பேராசிரியர். இரவில் அவர் வீடு வேறொரு இடத்தில் இருக்கும். விடுதியில் உண்மையில் தங்கியிருப்பவர் ஒரு துணைக் காப்பாளராகவோ, சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட மேலாளராகவோ, சில இடங்களில் வாட்ச்மேன் மட்டுமேயாகவோ இருக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த ராகிங் தடுப்பு ஒழுங்குமுறைகள், காப்பாளர் எந்நேரமும் தொலைபேசியில் கிடைக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்றும், அவருடைய எண்ணை மாணவர்கள் அறியும்படி செய்ய வேண்டும் என்றும் சொல்கின்றன. எனவே அந்த எண்ணைக் கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டியதில்லை. பெற்ற எண்ணை மாணவரின் கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொள்வதும் போதாது. பெற்றோரிடமும் அறைத் தோழரிடமும் இருக்க வேண்டும். மயங்கி விழுந்தவரின் கைப்பேசி பூட்டியிருக்கும் என்பதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை.

கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் அருகிலுள்ள தனியார் விடுதிகளுக்குப் போகிறார்கள். அங்கே தவறுகளின் விலை இன்னும் அதிகம். பெண்களுக்கான தனியார் விடுதிகள் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவமரியாதை அன்று. 2024 செப்டம்பர் 12 அதிகாலையில் மதுரை கட்ராபாளையத்தில் இருந்த ஒரு பெண்கள் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்ததில் இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கட்டடம் குறித்து மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்த செய்தி அதன் பிறகே பலருக்குத் தெரியவந்தது. அங்கே தங்கியிருந்தவர்கள் கேட்டிருந்தாலும் உண்மையான பதில் வந்திருக்குமா என்பது வேறு. ஆனால் மாடிப்படி ஒன்றுதானா, இரவில் மொட்டைமாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கும், ஜன்னல் கம்பிகளில் திறக்கக்கூடிய பகுதி ஏதும் உண்டா என்பவற்றை யாரிடமும் கேட்காமலேயே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

தனியார் விடுதியில் சேரும்போது அசல் சான்றிதழ்களை ‘பாதுகாப்புக்காக’ ஒப்படைப்பது இன்னொரு தவறு. கல்வி நிறுவனங்களே மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கும்போது, விடுதி நடத்துபவருக்கு அதைக் கேட்க எந்தத் தேவையும் இல்லை. ஆதார் நகலும் கல்லூரி அடையாள அட்டை நகலும் போதும். பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகை சேர்க்கப்பட்டிருந்தால் அதையும் கேள்வி கேளுங்கள். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில், தொடர்ந்து 90 நாளாவது தங்குபவர்களுக்கான விடுதிச் சேவைக்கு 2024 ஜூலை முதல் அந்த வரி விலக்கப்பட்டுள்ளது.

சுவிட்ச் போர்டில் தொடங்கும் விபத்து

விடுதிகளில் நான் மிகவும் அஞ்சிய பொருள் இம்மர்ஷன் ராடு. மார்கழிக் காலையில் வெந்நீருக்கு வரிசையில் நிற்க மனமில்லாத மாணவர், ஊரிலிருந்து வரும்போதே அதைத் துணிகளுக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்துவிடுவார். அறைகளில் இருக்கும் சாதாரண சாக்கெட் 6 ஆம்பியர் தாங்கக்கூடியது. நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட்டோடு அதைப் பெருக்கினால் 1,380 வாட் வரும். அதுதான் அந்த சாக்கெட்டின் எல்லை. கடையில் விற்கும் ராடு பெரும்பாலும் 1,500 வாட், மின்சாரக் கெட்டில் ஏறக்குறைய அதே அளவு, இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை போகும். இவற்றில் ஒன்றைச் செருகினாலே எல்லை தாண்டிவிடும். மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றில் ராடையும் மடிக்கணினியையும் இரண்டு கைப்பேசி சார்ஜர்களையும் சேர்த்துச் செருகினால், ஒயரின் மேலுறை மெல்ல மெல்லச் சூடேறி இளகுகிறது. அந்த ஒயர் பெரும்பாலும் மெத்தைக்கு அடியிலோ ஜன்னல் திரைக்குப் பின்னாலோ ஓடிக்கொண்டிருக்கும்.

எம்.சி.பி. இருக்கிறதே, ஆபத்து வந்தால் அது தானே விழுந்துவிடும் என்பது மாணவர்கள் பலரும் சொல்லும் பதில். எம்.சி.பி. அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் இணைப்பைத் துண்டித்து ஒயரைக் காக்கும் கருவி. மனித உடல் வழியாக மின்சாரம் கசிந்து தரைக்குப் போவதை அது அறியாது. ஒருவரைக் கொல்லப் போதுமான மின்னோட்டம் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை மிகச் சிறியது. கசிவைக் கண்டறிந்து துண்டிப்பது ஆர்.சி.சி.பி. என்ற வேறொரு கருவி. உயிரைக் காக்கப் பொருத்தப்படும் வகை 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். அதில் ‘டி’ என்று எழுதிய ஒரு சிறு பொத்தானும் இருக்கும். உங்கள் தளத்தின் மின்பெட்டியில் அது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் எழுத்து மூலம் கேளுங்கள். வாளித் தண்ணீர் சூடாகிவிட்டதா என்று ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே விரலை விட்டுப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எம்.சி.பி. விழுந்தவுடன் காரணத்தைத் தேடாமல் திரும்பத் திரும்ப அதைத் தூக்கிவிடுவதும் அதே வகையைச் சேர்ந்தது. விழுந்த சுவிட்ச், சுவருக்குள் ஏதோ சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதில் நிர்வாகத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். வெந்நீர் தராத விடுதி ராடைத் தடை செய்வதால் பயனில்லை; தடை செய்த பொருள் பீரோவுக்குள் போய் ஒளியும், சோதனை முடிந்ததும் வெளியே வரும். தளத்துக்கு ஒரு கீசரும் கெட்டிலுக்கென 16 ஆம்பியர் சாக்கெட்டுள்ள ஒரு பொது இடமும் கொடுத்த விடுதிகளில் இந்தத் திருட்டுத்தனம் தானாகவே குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

‘சும்மா இன்ட்ரோதான்’

1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். தமிழ்நாடு 1997-இல் ராகிங்கைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியதற்கு அந்தக் கொலை காரணமாயிற்று. அச்சட்டப்படி இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இன்று ராகிங் அந்த முகத்தோடு வருவதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ‘இன்ட்ரோ’ கொடுக்கக் கூப்பிடுவது, ரெக்கார்டு எழுதித் தரச் சொல்வது, வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து மிரட்டுவது என்று வருகிறது. முதலாண்டு மாணவர் செய்யும் தவறு, இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான் என்று ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பது. அந்த ஒரு மாதத்தில் எதிர்ப்பார் இல்லை என்று மூத்தவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

புகார் கொடுத்தால் படிப்பு கெட்டுவிடும் என்ற அச்சம் இயல்பானதே. ஆனால் 2009 ஒழுங்குமுறைகளின்படி, புகார் சொன்னதற்காக மட்டும் ஒருவருக்கு எந்தத் தீங்கும் நேரக் கூடாது. குற்றத்தன்மை உள்ள சம்பவமாக இருந்தால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவர் காவல் துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வழி செய்ய வேண்டும். கல்லூரியில் யாரையும் நம்ப முடியாத நிலையில், நாடு முழுவதற்குமான 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் உண்டு. நடந்தவற்றை நாள், நேரம், இடம், உடனிருந்தோர் பெயர் என்று அன்றைக்கே எழுதி வைத்திருப்பவரின் புகாரை ஒதுக்கித் தள்ளுவது எவருக்கும் கடினம்.

பாலியல் அத்துமீறல்களில் மௌனம் இன்னும் அடர்த்தியானது. ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அதனிடம் எழுத்தில் புகார் தரலாம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகள் விடுதிகளுக்கும் பொருந்தும். ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும் இத்தகைய துன்பத்துக்கு ஆளாகலாம் என்பதை அவை வெளிப்படையாக ஏற்கின்றன. வளாகத்துக்குள் இருக்கிறோம், வெளியாள் வர மாட்டார் என்று நம்புவதும் தவறுதான். 2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவியைத் தாக்கியவர் வெளியாள். 2025 ஜூனில் அவருக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. புகார் கொடுத்தால் பெயர் வெளியாகிவிடும் என்ற பயம் வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. அந்த வழக்கிலேயே முதல் தகவல் அறிக்கை கசிந்தது. ஆனால் கசியவிட்டது தவறு என்று கண்டு, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

தண்ணீரும் மனமும்

விடுதியில் நாலைந்து பேருக்கு மஞ்சள் காமாலை வந்தவுடன் எல்லாரும் நேற்றைய சாப்பாட்டைக் குறை சொல்வார்கள். ஹெபடைட்டிஸ் ஏ கிருமி உடலுக்குள் போய் நோயாக வெளிப்பட இரண்டு வாரம் முதல் ஏழு வாரம் வரை ஆகும். எனவே ஆராய வேண்டியது போன மாதத்துத் தண்ணீரை. ஆர்.ஓ. இயந்திரம் புதிதாக இருப்பதைப் பார்த்து நிறைவடைபவர்கள், சுத்திகரித்த நீர் தேங்கி நிற்கும் எவர்சில்வர் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று கேட்பதில்லை. அதேபோல, தண்ணீர் நின்றுவிடுமோ என்று குளியலறையில் வாளி வாளியாகப் பிடித்து மூடாமல் வைப்பது டெங்குக் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

மனம் சோர்ந்திருக்கும் தோழர், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு உயிரை விடுவதைப் பற்றிப் பேசினால், அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுவது பெருந்தவறு. அவரைத் தனியே விடாமல், அந்த இரவே காப்பாளரிடமோ நம்பகமான ஆசிரியரிடமோ சொல்லிவிட வேண்டும். பின்னால் கோபித்துக்கொள்வாரே என்று தயங்க வேண்டாம். கோபித்துக்கொள்ள அவர் இருப்பார். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் அவர் எந்த அறையில், எந்தக் கிழமைகளில் இருக்கிறார் என்பதை நன்றாக இருக்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

வாய்ச்சொல்லும் காகிதமும்

குழாய் ஒழுகுகிறது, ஜன்னல் கொக்கி உடைந்திருக்கிறது, குளியலறை விளக்கு எரியவில்லை என்பதையெல்லாம் மாணவர்கள் போகிற போக்கில் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, சொல்லியாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். அலுவலகத்தில் இருக்கும் புகார்ப் பதிவேட்டில் எழுதாத குறை, நிர்வாகத்தின் கண்ணுக்கு இல்லாத குறை. பதிவேட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் தலைமைக் காப்பாளருக்கு அதை மின்னஞ்சலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால், மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைகளின்படி அமைந்த மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் போகலாம். அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அதன் முடிவு நிறைவளிக்காவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

மெஸ் கணக்கிலும் இப்படித்தான். டிவைடிங் முறையில் மாதச் செலவு முழுவதும் சாப்பிட்ட நாள்களுக்குப் பங்கிடப்படுவதால், ஊருக்குப் போன நாள்களை முன்கூட்டி எழுதிக் கொடுக்காதவர் சாப்பிடாத சாப்பாட்டுக்கும் பணம் கட்டுகிறார்.

அறைக்குள் நுழைந்த முதல் நாளே சுவர் விரிசல், மேசையின் உடைந்த கால், பீரோவின் பூட்டு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்துக் காப்பாளருக்கு அனுப்பி வையுங்கள். நான்கு ஆண்டு கழித்துக் காஷன் டெபாசிட்டைத் திரும்ப வாங்கப் போகும்போது, அந்த மேசையின் காலை உடைத்தவர் நீங்கள் அல்லர் என்று சொல்ல அந்தப் படம் மட்டுமே இருக்கும். அப்போது காப்பாளரும் மாறியிருப்பார்.