நேரலையில் தண்ணீர் குடிக்க நினைவூட்டலும் பேச்சுக்கு எல்லையும்: நைட்பாட் அமைக்கும் முறை

இரவு 9 மணிக்கு யூடியூபில் விளையாட்டு நேரலையைத் தொடங்கினால் நள்ளிரவு தாண்டித்தான் எழுவேன். மேசையில் வைத்த தண்ணீர் பாட்டில் திறக்கப்படாமலேயே இருக்கும். இதை நினைவூட்டும் வேலையை, நேரலை அரட்டையில் தானாகவே செய்தி இடும் மென்பொருளான நைட்பாட்டிடம் விட்டுவிட்டேன்.

முதலில் நைட்பாட் தளத்தில் யூடியூப் கணக்கைக் கொண்டு நுழைந்து, ‘ஜாயின் சேனல்’ பொத்தானை அழுத்திவிட்டு, யூடியூப் ஸ்டுடியோவில் நைட்பாட்டை மாடரேட்டராக (அரட்டையைக் கண்காணிப்பவராக)ச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து ‘டைமர்ஸ்’ பகுதியில், “20 அடி தொலைவில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள், இரண்டு மடக்குத் தண்ணீர் குடியுங்கள்” என்று எழுதி, இடைவெளியை 20 நிமிடமாக வையுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். ஒரு மாலை முழுவதும் அந்த வரி வரவேயில்லை. இணைப்பில்தான் கோளாறு என்று எண்ணி மூன்று முறை நீக்கிச் சேர்த்தேன். உண்மையில், ‘சாட் லைன்ஸ்’ கட்டத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையளவு செய்திகள் கடந்த ஐந்து நிமிடங்களில் வந்திருந்தால்தான் டைமர் பேசும். நாலைந்து பேர் மட்டுமே பார்க்கும் சேனலில் அங்கே 10 என்று போட்டிருந்தேன். 2 என்று குறைத்ததும் சரியாயிற்று. திரையில் படம் தோன்றும் நினைவூட்டல்கள் எனக்குப் பிடிப்பதில்லை; அவை ஆட்டத்தை மறைக்கின்றன.

இனி எல்லை. நாள்தோறும் நான்கு மணிநேரம் என் குரலைக் கேட்பவருக்கு நான் நெருங்கிய நண்பன். எனக்கோ அவருடைய புனைபெயர் மட்டுமே தெரியும். தொலைக்காட்சி நேயர்களிடம் இதே ஒருதலை நெருக்கத்தைக் கண்ட ஹார்ட்டன், வோல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1956இலேயே அதற்கு ‘பாராசோஷியல்’ என்று பெயரிட்டனர். ஆகவே முகவரி, கைப்பேசி எண், வேலை பார்க்கும் இடம் ஆகியவற்றைக் கேட்கக் கூடாது என்பதையும், சூப்பர் சாட் (பணம் கட்டி இடும் செய்தி) அனுப்பினாலும் இவ்விதி மாறாது என்பதையும் அரட்டையின் மேலே பின் செய்து வையுங்கள். பிறகு ஸ்டுடியோவின் தடைச்சொல் பட்டியலில் ‘அட்ரஸ்’, ‘வீடு எங்க’ போன்றவற்றைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் சேருங்கள். நம்மவர்கள் இரண்டிலும் தட்டுகிறார்கள்.

யாரேனும் வாழ்க்கையே வெறுத்துவிட்டதாக எழுதினால், ஆட்டத்தின் நடுவே ஆலோசகராக முயலாமல், இந்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ உடனே காட்டும் கட்டளை ஒன்றையும் நைட்பாட்டில் வைத்திருங்கள்.

பின்சேர்க்கை: ‘நம்பர்’ என்ற சொல்லைத் தடுத்ததால் ஆட்டத்தின் ரூம் நம்பரைக் கேட்டவர்களின் செய்திகளும் மறைந்துபோவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தனிச்சொல்லை நீக்கிவிட்டு, ‘போன் நம்பர்’, ‘வாட்ஸ்அப் நம்பர்’ என்று தொடராகச் சேருங்கள்.